மூன்றாம் பாகம் என் வீட்டில் இருக்கிறது

எங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசகர் வட்டப் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

ஆனி மாதக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கடைசி வரிசையில், ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே. சில ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைக்கும் தீர்மானத்தை வாசித்துவிட்டு "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டபோது கை தூக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். கூட்டம் முடிந்து காப்பி வந்ததும் உங்களில் ஒருவர் பக்கத்தில் வந்து, "டீச்சருக்கு மட்டும் என்ன வருத்தம்?" என்றார். "படிக்காத புத்தகத்துக்கு எப்படி ஐயா கை தூக்க?" என்றேன். "நாங்க மட்டும் படிச்சோமாக்கும்!" என்று சிரித்தபடி தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் படித்தேன். எனக்கு ஆங்கிலம் சரளமில்லை. ஒரு பக்கம் அகராதி, ஒரு பக்கம் பேத்தி. ஆறு வாரம் ஆகிவிட்டது. அதனால்தான் இந்த மடல் ஆடி முடிகிற நேரத்தில் வருகிறது.

விவரம் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு குடும்பம், பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி நூலகத்துக்குக் கொடுத்தது. அதில் லாரன் கேட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ஃபாலன்' வரிசை இருந்தது. 2009 முதல் 2012 வரை வந்த நான்கு தடித்த பாகங்கள். பூமிக்கு இறங்கி வந்த தேவதூதன் ஒருவனுக்கும் பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்கும் காதல். முதல் பாகத்தின் அட்டையில் கறுப்பு கவுன் போட்ட பெண் ஒருத்தி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "அட்டையைப் பார்த்தாலே தெரியுதே" என்று கூட்டத்தில் சொன்னீர்கள். எனக்கு அதில் தெரிந்ததெல்லாம் ஒரு பிள்ளை அழுகிறது என்பதுதான்.

சபை மூப்பர் எழுந்து மத்தேயுவைச் சொன்னார். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை, அவர்கள் தேவதூதரைப்போல் இருப்பார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. கொள்வனை கொடுப்பனையே இல்லாத தூதனுக்குக் காதல் எங்கிருந்து வந்தது, இது தேவதூஷணம் என்றார். அடுத்து கோயில் கமிட்டிக்காரர் எழுந்தார். இது கிறிஸ்தவப் புத்தகம், கதை என்ற பெயரில் பிள்ளைகளை நைசாக இழுக்கிற வேலை என்றார். ஒருவருக்கு அது வேதத்துக்கு விரோதம், இன்னொருவருக்கு அதுவேதான் வேதம். இரண்டு பேரும் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள். நம் ஊரில் மத நல்லிணக்கம் இவ்வளவு சுளுவாக வந்து நான் பார்த்ததில்லை.

தீர்மானப்படி புத்தகங்கள் இரும்பு பீரோவுக்குள் போயின. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. எனக்கு வயது 63. அதனால் என் கார்டைக் காட்டி ஒவ்வொன்றாக முறைப்படி எடுத்துப் போனேன், முறைப்படி திருப்பியும் கொடுத்தேன். நூலகர் மேல் ஒரு தப்பும் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகு அதை வேறு யார் படித்தார்கள் என்பது என் வீட்டு விஷயம்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சைவ வீட்டில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஏழாம் வகுப்பில் நான்தான் நெட்டச்சி என்பதால் கிறிஸ்துமஸ் நாடகத்தில் காபிரியேல் தூதன் வேஷத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் வெட்டிப் பஞ்சு ஒட்டி, ஓரத்துக்கு ஜரிகை வைத்த இறக்கை. என் முதல் வசனம், "மரியாளே, பயப்படாதே." வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது அப்பா திருநீறு பூசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஏட்டி, பயப்படாதேன்னு சொல்லுத நீயே நடுங்குதியே!" என்றார். அந்த வசனத்தை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். மேடையில் ஒரு பக்கத்து இறக்கை நாடா அவிழ்ந்து தொங்கியது, அதையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நற்செய்தி சொல்லி முடித்தேன். லூக்காவில் சகரியாவிடம் வருகிற தூதனும் இதைத்தான் சொல்கிறான், மேய்ப்பர்களிடம் வருகிறவனும் இதைத்தான் சொல்கிறான். பயப்படாதே.

மூப்பரய்யா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. பதிலும் வேதத்திலேயே இருக்கிறது. ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை அதிக சௌந்தரியமுள்ளவர்களென்று கண்டு, அவர்களுக்குள்ளே பெண் கொண்டார்கள் என்று வருகிறது. அவர்களுக்குப் பிறந்தவர்களைப் பற்றிப் பேசுகிற இடத்தில்தான் நெஃபிலிம் என்ற எபிரெயச் சொல் இருக்கிறது. இந்த வரிசையின் இரண்டாம் பாகத்தில் ஒரு பள்ளிக்கூடம் நிறைய நெஃபிலிம் பிள்ளைகள்தான். நம் தமிழ் வேதாகமத்தில் அது இராட்சதர் என்று இருக்கிறது. நான் அகராதியைப் புரட்டியதில் மிகவும் ரசித்த இடம் இது. அமெரிக்காவில் அந்தச் சொல்லைக் கேட்டால் கடற்கரையோரப் பள்ளியில் படிக்கும் அழகான பையன் நினைவுக்கு வருகிறான். நமக்கு இராட்சதன் என்றால் கும்பகர்ணன்.

ஏனோக்கின் பேரில் ஒரு பழைய நூல் உண்டு. எத்தியோப்பியச் சபை அதை வேதத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறது. அதில் இந்தக் கதை விரிவாக வருகிறது. இருநூறு தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள், பெண் கட்டுகிறார்கள். பெண்களுக்குக் கண்ணில் மை தீட்டவும் அவர்களில் ஒருவன்தான் கற்றுக்கொடுத்தானாம். அந்தத் தூதர்களுக்குப் பெயர் காவலாளர்கள். கிரேக்க வழியில் அது கிரிகோரி. நம் கதாநாயகன் பெயர் தானியேல் கிரிகோரி. தானியேல் புத்தகம் நாலாம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் கனவில் வானத்திலிருந்து இறங்குகிறவன் யார்? காவலாளனாகிய பரிசுத்தவான். எழுதிய அம்மாள் பெயரைச் சும்மா வைக்கவில்லை. மூன்று பக்கத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடுகிற புத்தகம்தான், இருந்தாலும் அடியில் இப்படி ஒரு கல் கிடக்கிறது.

கதையென்று வந்தால் வேதத்தில் இருக்கிறபடியேதான் இருக்க வேண்டும் என்பதும் நம் சீமையில் செல்லாத வாதம். கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியன் என்ற இங்கிலீஷ்காரர் கண்டதாக எழுதிய கனவுக் கதையை எடுத்துத்தான் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். 1894-இல் வந்த நூல். அதன் பாட்டுகளை நான் வகுப்பில் உருகி உருகி நடத்தியிருக்கிறேன். கற்பனை என்பதற்காக அதை யாரும் பீரோவில் வைக்கவில்லை.

கோயில் கமிட்டி ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கதையின் முடிச்சு என்ன தெரியுமா? அந்தப் பெண் லூஸ், பதினேழு வயதில் செத்துச் செத்துத் திரும்பத் திரும்பப் பிறக்கிறவள். ஒவ்வொரு பிறவியிலும் அவனைச் சந்திப்பாள், முத்தம் கொடுப்பாள், எரிந்து போவாள். பிறகு இன்னொரு ஊரில் இன்னொரு வயிற்றில் பிறப்பாள். இதைக் கிறிஸ்தவப் புத்தகம் என்று நீங்கள் சொன்னால் திருநெல்வேலித் திருமண்டலமே சிரிக்கும். இன்னும் கேளுங்கள். இந்தப் பிறவியில் பெற்றோர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லையாம், அதனால் இனி செத்தால் மறுபிறவி கிடையாதாம். ஞானஸ்நானம் எடுத்தால் மறுபிறவி உண்டு என்று எந்தச் சபையிலாவது உபதேசம் கேட்டிருக்கிறீர்களா, மூப்பரய்யா? இதைப் படித்து யாரும் மதம் மாற முடியாது. எந்த மதத்துக்கு மாறுவது என்றே தெரியாது.

என் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். மகள் வயிற்றுப் பிள்ளை. மே மாத விடுமுறையில் முதல் இரண்டு பாகத்தையும் நம் நூலகத்திலிருந்துதான் எடுத்தாள். அப்போது அவை இளையோர் அலமாரியில் இருந்தன. முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். "ஆச்சி, இதுல ஒரு பள்ளிக்கூடம் வருது. செல்போன் பிடுங்கிருவாங்க. எங்க பாத்தாலும் கேமரா. அழுமூஞ்சி டீச்சர். கறுப்பு டிரெஸ்தான் போடணும். கெட்ட பிள்ளைகளத் திருத்துற ஸ்கூலாம்." நான் "ஐயோ பாவம்" என்றேன். "இல்ல ஆச்சி, நம்ம ஸ்கூல் மாதிரியே இருக்கு" என்றாள்.

அப்படித்தான் கதை தொடங்குகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் சவானா என்ற ஊர்ப்பக்கம் சீர்திருத்தப் பள்ளி. லூஸோடு பழகிய ஒரு பையன் தீயில் செத்துப்போனான், என்ன நடந்தது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை, ஊர் அவளைச் சந்தேகப்படுகிறது. அங்கே வந்த முதல் நாளில் தானியேலைப் பார்க்கிறாள். அவன் முதலில் சிரிக்கிறான், அடுத்த நொடி விரலைத் தூக்கி அவன் காட்டுகிற சைகையை இந்த மடலில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்படிக் காட்டியவன் பின்னாலேயே அவள் மனசு போகிறது. போகப்போகத் தெரிகிறது, கூடப் படிக்கிற பாதிப் பேர் தூதர்கள். மீதிப் பேர் மறுகட்சி.

படிப்பதற்கு முன் எனக்கும் ஒரு சங்கடம் இருந்தது. தமிழில் தேவதை என்றால் பெண். ஆறடி உயரத்துப் பையனைத் தேவதை என்று நினைக்க மனசு ஒப்பவில்லை. தேவதூதன் என்றால் என் பஞ்சு இறக்கை நினைவுக்கு வந்துவிடுகிறது. என்னிடம் படித்த கத்தோலிக்கப் பிள்ளைகள் காவல் சம்மனசு என்பார்கள், மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளைகள் மலக்கு என்பார்கள். பேத்தி ஏஞ்சல் என்கிறாள். அதில் எல்லாமே அடங்கிவிடுகிறது, ஒன்றும் நிற்கவில்லை.

காவலாளன் என்ற சொல்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மேலேயிருந்து இறங்கிவந்து எல்லையில் நின்று காவல் காக்கிறவன் நமக்குப் புதியவனா? சுடலைமாடன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வதி விளக்குச் சுடரிலிருந்து பெற்ற பிள்ளை. ராத்திரியில் தொட்டிலை விட்டு இறங்கிப்போய் மயானத்தில் வேகிற பிணத்தைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து படுக்கிறான். விஷயம் தெரிந்ததும் கைலாயத்தில் இனி இடமில்லை. பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வானத்திலிருந்து தள்ளப்பட்டவன் என்றால் இவனைவிடவா? நான் எட்டு வயதில் கோயில் கொடைக்குப் போய், போர்வையைப் போர்த்திக்கொண்டு, கணியான் மகுடப் பறை அடிக்க அடிக்க விடிய விடியக் கேட்ட கதை இது. மலையாளத்து மாந்திரீகன் காளிப்புலையன் மகளுக்கு என்ன நடந்தது என்பதை அண்ணாவி பாடும்போது என் காதை எந்தப் பெரியவரும் பொத்தவில்லை. அந்தப் பாட்டில் வருவதில் நூற்றில் ஒரு பங்கு இந்த ஆங்கிலப் புத்தகத்தில் இல்லை. முதல் இரண்டு பாகங்கள் முத்தத்தைத் தாண்டிப் போவதில்லை. அதற்கே பெண் எரிந்துவிடுகிறாள்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்க் காரையாற்றங்கரையில் குடில் போட்டுத் தங்காத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டியிருப்பார்களே, அது யாருக்கு? பட்டவராயன் ஆகிவிட்ட முத்துப்பட்டனுக்கு. அவன் பிராமணப் பிள்ளை. பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கைக்காகப் பூணூலை அறுத்தான், அவர்கள் அப்பன் வாலப்பகடையின் செருப்புத் தொழிலைக் கற்றுக்கொண்டான், மாட்டுக்குக் காவல் நின்று செத்தான். பெண்கள் இரண்டு பேரும் தீயில் இறங்கினார்கள். இந்த வருஷம் குடிலில் உட்கார்ந்து பேத்திக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "தானியேலு வேலைக்கெல்லாம் போகல ஆச்சி" என்றாள். பிறகு, "இது எத்தன பார்ட்?" என்று கேட்டாள்.

வாசகர் வட்டத்தில் புதுமைப்பித்தனுக்கு வருஷா வருஷம் கூட்டம் போடுகிறீர்கள். 'காஞ்சனை' பற்றி நீங்கள் பேசியதை நானே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பேய் தமிழில் வந்தால் இலக்கியம், ஆங்கிலத்தில் வந்தால் பீரோவா?

இதற்காக இவை மகத்தான புத்தகங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2005-இல் ரத்தக்காட்டேரிக் காதல் கதை ஒன்று உலகமெங்கும் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பதிப்பகங்கள் அடுத்த சரக்கைத் தேடின. 2009-இல் மட்டுமே இது போக இன்னொரு விழுந்த தூதன் வரிசையும் தொடங்கியிருக்கிறது. நம் ஊரில் ஒரு பேய்ப்படம் ஓடினால் பத்துப் பேய்ப்படம் வருவது மாதிரிதான். நடையும் வளவள. தானியேலின் கண் சாம்பல் நிறம், அதில் கத்தரிப்பூ நிறம் மின்னும். இதை ஒருமுறை சொன்னால் போதாதா? கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கத்தரிப்பூ. இருபதாவது தடவைக்குப் பிறகு எனக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைக்க வேண்டும்போல ஆகிவிட்டது. வைத்தேன்.

உண்மையில் எனக்கு மனத்தாங்கல் தந்தது வேறு. அவனுக்கு எல்லாம் தெரியும். அவள் யார், எத்தனை தடவை செத்தாள், எதனால் சாகிறாள், யார் துரத்துகிறார்கள், எல்லாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டான். இரண்டாம் பாகத்தில் அவளைக் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளி எல்லையைத் தாண்டாதே என்கிறான். ஏன் என்றால், உன் நல்லதுக்குத்தான். பேத்தி அந்த இடத்தைப் படிக்கும்போது உருகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏளா, எனக்கு வாய்த்தவரும் இப்படித்தான்" என்றேன். "கூட்டுறவு சங்கத்துல கடன் வாங்குனத ஒம்பது வருஷம் எங்கிட்டச் சொல்லல. கேட்டா, நீ கவலப்படுவேன்னுதான்னாரு. ஜப்தி நோட்டீஸு வந்த அன்னைக்குத்தான் தெரியும்." அவளுக்கு இது புதுச் செய்தி. தாத்தா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி நாங்கள் பேசியது மாதிரி அதற்கு முன் பேசியதில்லை. தன் வகுப்பில் ஒரு பையன் வண்டி நிற்கும் இடம் வரை பின்னாலேயே வருவதையும், அது பிடித்திருக்கிறதா பயமாக இருக்கிறதா என்று தனக்கே தெரியவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். நம் சினிமாவில் பின்னாலேயே வருகிறவன்தான் கதாநாயகன். அதைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தானே நாம். அந்தப் பேச்சை நான் எத்தனை வருஷம் வகுப்பில் எடுக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். ஒரு கத்தரிப்பூக் கண்ணன் வந்து எடுத்துக்கொடுத்தான்.

லூஸ் சும்மா இருக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்கிறவனிடம் எத்தனை நாள் கேட்பாள்? அவளைச் சுற்றி அலைகிற நிழல்கள் உண்டு. அவற்றுக்குள் பழைய பிறவிகள் தெரியும். இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஒரு நிழலுக்குள் ஒற்றையாகக் குதித்துவிடுகிறாள். மூன்றாம் பாகத்தில்தான், 1941-ஆம் வருஷத்து மாஸ்கோவில் குண்டு விழுகிற நேரத்தில் கண் விழிக்கிறாள்.

அந்த மூன்றாம் பாகம் நம் நூலகத்தில் கிடையாது. தீர்மானத்துக்கு முன்பே காணவில்லை. யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. என் பேத்தி என்ன செய்தாள் தெரியுமா? அவளும் ஒற்றையாகக் குதித்தாள், ஃபோனுக்குள். ஏதோ ஒரு தளத்தில் திருட்டு பிடிஎஃப் கிடைத்திருக்கிறது. இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டாள். பிறகு ஒருநாள் அந்தத் தளத்தை எனக்குக் காட்டினாள். பெரியவர்களே, நீங்கள் எதற்குப் பயந்து புத்தகத்தைப் பூட்டினீர்களோ அது ஒன்றும் புத்தகத்துக்குள் இல்லை. அந்தப் பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் விளம்பரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

நாலாம் பாகத்துக்கு அவள் மறுபடி நூலகத்துக்குத்தான் வந்தாள். அலமாரி காலி. எங்கே என்று கேட்டிருக்கிறாள். அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த உங்களில் ஒருவர், அன்பாகத்தான், "உன் நல்லதுக்குத்தாம்மா எடுத்து வச்சிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "ஆச்சி, தானியேலுக்கு எத்தன வயசுன்னு கேட்டீங்கள்லா? அறுவத்தஞ்சு. கதர்ச் சட்ட. லைப்ரரில உக்காந்து பேப்பர் படிக்காரு."

சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பீரோவைத் திறந்து அந்த மூன்று புத்தகத்தையும் இளையோர் அலமாரியில் வையுங்கள். 1948-லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளை நம் நூலக வாசலில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள், எழுத்து கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது.

தீர்மானத்தை ரத்துசெய்யச் சங்கடம் என்றால் வேறு வழியும் உண்டு. ஆவணிக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பேத்தியும் அவள் சேக்காளிகளும் வந்து கதையைச் சொல்வார்கள். நீங்கள் சுடலை கதையைச் சொல்லுங்கள். மூப்பரய்யா ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்துக்கு விளக்கம் சொல்லட்டும். எனக்கே அதில் இரண்டு சந்தேகம் இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டால் மலக்குகளுக்கு இந்த ஆசாபாசமெல்லாம் கிடையாது என்று சொல்லி எல்லாருடைய வாயையும் அடைப்பார்கள். காப்பிச் செலவு என்னுடையது. மின்விசிறியைச் சரிசெய்கிற செலவு மட்டும் உங்களுடையது.

மூன்றாம் பாகத்தை நான் பழைய புத்தகக் கடை ஒன்றில் சொல்லிவைத்து வாங்கிவிட்டேன். அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் கோடு போட்டு, எடுத்துப்போகிற பிள்ளைகள் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறேன். ஒருத்திக்குப் பத்து நாள். பிந்தினால் அபராதம், எனக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். இதுவரை ஏழு பெயர். அதில் மூன்று பேர் உங்கள் வீட்டுப் பிள்ளைகள். யார் என்று சொல்ல மாட்டேன். மற்ற மூன்று பாகமும் அலமாரிக்குத் திரும்புகிற அன்று இதையும் கொண்டுவந்து நூலகத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறேன். அதுவரை படிக்க விரும்புகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். வயது வரம்பு இல்லை. நீங்களும் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
உங்கள் வாசகர் வட்டத்தின் கடைசி வரிசை உறுப்பினர்

பின்குறிப்பு: முதல் பாகத்தில் வில்லி யார் என்று நம் நூலகர் ஒருநாள் கேட்டார். நாலு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து நூலகரம்மாதான்.